கால் வீக்கத்துக்கு ஆபரேஷன்: எந்தக் காலுக்கு எது பொருந்தும்?

வாசகர்கள் கேட்ட மூன்று கேள்விகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: அம்மாவுக்கு இருபது வருடமாக யானைக்கால். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, சேலை மறைக்கவில்லை. சதையை வெட்டி எடுத்துத் தோல் ஒட்டிவிடலாம் என்று ஒரு சர்ஜன் சொல்கிறார். செய்யலாமா?

புதுச்சேரியிலிருந்து ஒரு பெண்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. மாலையானால் இடது கால் கனக்கிறது, காலையில் பாதி வடிந்துவிடுகிறது. சென்னையில் மைக்ரோஸ்கோப் வைத்து நிணநீர்க் குழாயை ரத்தக் குழாயோடு இணைக்கிறார்களாம். இப்போதே போகவா, பொறுத்துப் பார்க்கவா?

மூன்றாமவர் பரங்கிப்பேட்டைக்காரர், வளைகுடாவில் வேலை. முழங்காலுக்குக் கீழே வீக்கம். அமுக்கினால் குழி விழுவதே இல்லை. லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்துகொண்டால் ஒரே லீவில் வேலை முடிந்துவிடுமா என்கிறார்.

மூவருக்கும் கோளாறு ஒன்றுதான். நிணநீர்க் குழாய்கள் பழுதாகி, திரும்பிப் போக வேண்டிய நீர் காலிலேயே தங்குகிறது. ஆனால் மூன்று கால்களும் மூன்று கட்டங்களில் இருக்கின்றன. ஒருவருக்குப் பலன் தரும் ஆபரேஷன் இன்னொருவருக்கு வீண் செலவு. எது நவீனமானது, எது பழையது என்று பார்த்து முடிவெடுத்தால் இங்கே ஏமாற்றம்தான்.

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் வீங்கிய கால்களுக்குக் கட்டுப் போடும் பிசியோதெரபிஸ்ட். கட்டுப் போடுகிறவன் கட்டுக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று நீங்கள் சந்தேகப்படலாம், நியாயம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

## காலுக்குள் என்ன நடக்கிறது

நம் பகுதியில் இந்த வீக்கத்துக்கு நெடுநாள் காரணம் யானைக்கால் புழு. க்யூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே போகும் புழு, நிணநீர்க் குழாய்க்குள் குடியிருந்து அதை விரித்துக் கெடுக்கிறது. புதுச்சேரியில் 1975-ல் கொசு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் அமைந்தது. வீடுவீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்ததும் இந்தப் புழுவுக்காகத்தான். புதிய தொற்று இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்த மாத்திரை புழுவுக்கு மருந்து, வீக்கத்துக்கு அல்ல. ஏற்கெனவே கெட்டுப்போன குழாய் அதனால் சரியாகாது. புற்றுநோய்க்காக இடுப்பு, தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களை (நிணநீர்க் குழாய்களின் வழியில் இருக்கும் சிறு முடிச்சுகளை) எடுத்தவர்கள், ரேடியேஷன் வாங்கியவர்கள், பெரிய விபத்தில் கால் நசுங்கியவர்கள், பிறவியிலேயே குழாய் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதே வீக்கம் வரும்.

முதலில் தேங்குவது நீர். அது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்தது. நாள்பட நாள்பட அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் வளர்கின்றன, தோல் தடிக்கிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு என்று ஏதாவது ஒரு வாசல் திறந்திருந்தால் கிருமி உள்ளே போய் குளிர் ஜுரம் வருகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, கால் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கிறது. அப்படி ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருக்கும் குழாய்களில் சிலவற்றைக் கெடுத்துவிட்டுப் போகிறது.

ஒரு கால் திடீரென்று இரண்டு மூன்று நாளில் வீங்கினால் அது காலின் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், தைராய்டு பார்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சை முடிந்தவருக்கு வீக்கம் புதிதாகவோ திடீரென்றோ கூடினால், நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்யாமல் மேலே எதுவும் பேசக்கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

நீரா, கொழுப்பா? காலையில் எழுந்ததும், நடமாடும் முன்பே, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது. கால் பெரிதாக இருந்தும் குழி விழவில்லை என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கொழுப்பும் நாரும். பல கால்களில் இரண்டும் கலந்துதான் இருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்பதே கேள்வி. குழாயை இணைத்தால் நீர் போகும், கொழுப்பு போகாது. கொழுப்பை உறிஞ்சினால் கொழுப்பு போகும், நீர் மறுபடி வரும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜுரம் கட்டுக்குள் இருக்கிறதா? வருடத்துக்குப் பல முறை நெறி கட்டி ஜுரம் வருகிறவர், அதை நிறுத்தாமல் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் ஒட்டிய தோலும் இணைத்த குழாயும் அடுத்த ஜுரத்தில் கெடலாம்.

என்ன குறைய வேண்டும்? சுற்றளவா, கனமா, ஜுரமா, தோற்றமா? "எல்லாமே" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனும் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் நன்றாகச் செய்யும்.

பின்வாங்க முடியுமா? இரண்டு சென்டிமீட்டர் கீறல் பலிக்காமல் போனால் பெரிய நஷ்டமில்லை. முழங்கால் முதல் கணுக்கால் வரை தோலை எடுத்தபின் திரும்பி வர வழி கிடையாது.

வீட்டில் கட்ட ஆள் உண்டா? ஆஸ்பத்திரியில் யாரும் இதைக் கேட்பதில்லை. எல்லா வழிகளுக்கும் பிறகு கட்டோ அழுத்த ஸ்டாக்கிங்ஸோ வேண்டியிருப்பதால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பரிசோதனைகளில் இரண்டு முக்கியம். கால் விரலிடுக்கில் சிறிதளவு கதிரியக்க மருந்து செலுத்தி நிணநீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்க்கும் ஸ்கேன் ஒன்று, லிம்போசிண்டிகிராபி என்பார்கள். மற்றது சிரைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும் டாப்ளர். குழாய் இணைப்புக்குப் போகிறவருக்கு ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயம் செலுத்தி, தோலுக்கடியில் உயிரோடு இருக்கும் குழாய்களைக் கேமராவில் பார்த்துக் குறிப்பார்கள். ஸ்கேனே பார்க்காமல் ஆபரேஷன் தேதி கொடுக்கும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

## ஆபரேஷன் இல்லாமல்: கழுவுதல், கட்டு, ஸ்டாக்கிங்ஸ்

மற்ற எல்லா வழிகளையும் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் இது கூடவே வரும்.

சோப்பும் தண்ணீரும் போட்டு தினமும் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு தடவுவது அடிப்படை. அரசின் யானைக்கால் பிரிவில் டப்பும் மக்கும் துண்டும் களிம்பும் சேர்த்துத் தருவது இதற்குத்தான். வாங்கிப்போன டப்பில் அரிசி ஊறுவதையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. இதை ஒழுங்காகச் செய்தாலே ஜுரம் வருவது கண்கூடாகக் குறைகிறது. அப்படியும் அடிக்கடி வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவதும் உண்டு.

அடுத்தது தீவிரக் கட்டு. பஞ்சு அடுக்கு, அதற்கு மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ், பாதத்திலிருந்து மேலே போகப்போக அழுத்தம் குறையும்படி இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் கட்டுவோம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாதாரண க்ரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது. அது நடக்கும்போது தளர்ந்து, படுக்கும்போது இறுக்கும். கட்டோடு கையால் நிணநீரை மேல்நோக்கித் தள்ளும் மென்மையான மசாஜும் நடையும் சேரும். நீர் வடிந்தபின் அளவெடுத்த ஸ்டாக்கிங்ஸ். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் இறுக்கிக் கட்டக்கூடாது.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், ஸ்டாக்கிங்ஸ் ஆறு மாதத்தில் இழுவிசை போய்விடும். துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும். ஆக வருடத்துக்கு நான்கு, வாழ்நாள் முழுக்க. சித்திரை வெயிலில் கடலூர்க் காற்றின் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பது லேசான காரியமில்லை. நாற்று நடப் போகிறவரிடம் சேற்றில் இறங்காதே என்றால் அன்றைய கூலி போகிறது.

குழி விழும் நீர்வீக்கத்துக்கு இது மட்டுமே போதுமானதாக இருப்பது உண்டு. முழுமையாக மூன்று நான்கு மாதம் செய்துபார்க்காமல் "கட்டு எனக்குக் கேட்கவில்லை" என்று ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அதிகம். கட்டு கேட்காததற்குப் பாதி காரணம் கட்டியவரின் கை.

## நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைப்பது

தூர்ந்த வாய்க்காலில் தேங்கும் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்கு மடை வெட்டி விடுவது போன்ற ஆபரேஷன் இது. தோலுக்கடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நிணநீர்க் குழாயைத் தேடி, அதேபோன்ற சின்னச் சிரையில் தலைமுடியை விட மெல்லிய தையல் நூலால் இணைப்பார்கள். காலில் இரண்டு மூன்று சிறு கீறல்கள். உணர்வு மரத்துப்போகும் ஊசியிலேயே செய்ய முடியும். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஜப்பானைச் சேர்ந்த கோஷிமா இந்த மிக நுண்ணிய முறையை வளர்த்தார்.

இதற்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. யானைக்கால் நோயாளிகளுக்கு நிணநீர்–சிரை இணைப்பு செய்த அனுபவத்தைத் தஞ்சாவூரிலிருந்து ஜமால் 1981-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். யானைக்காலில் குழாய்கள் சில சமயம் விரிந்தும், தொடையிடுக்குக் கணு பெருத்தும் இருக்கும். அந்தக் கணுவையே பாதியாகத் திறந்து பக்கத்துச் சிரையோடு தைப்பது இதன் இன்னொரு வடிவம். அதற்கு அவ்வளவு நுண்ணிய கருவி தேவையில்லை, ஆனால் இணைத்த வாய் ரத்தம் உறைந்தோ வடுப்பட்டோ அடைபடலாம்.

பலன் யாருக்கு? குழி விழும் வீக்கம் உள்ளவருக்கு, ஐ.சி.ஜி. படத்தில் குழாய்கள் இன்னும் கோடு கோடாகத் தெரிகிறவருக்கு. படத்தில் கோடே இல்லாமல் சாயம் திட்டுத்திட்டாகத் தோலில் பரவினால் இணைக்க ஆரோக்கியமான குழாய் கிடைப்பதே கடினம். இன்னொன்று: கைக்குச் செய்வதை விடக் காலுக்குச் செய்யும்போது பலன் குறைவாக இருப்பது வழக்கம். நிற்கும்போது காலின் சிரையில் அழுத்தம் அதிகம். நிணநீர் சிரைக்குள் போவதற்குப் பதில் ரத்தம் இந்தப்பக்கம் எட்டிப்பார்க்கும். வெரிகோஸ் வெயின் உள்ளவருக்கு முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

வீக்கம் ஓரளவு குறையும், ஜுரம் குறையும், கால் கனம் குறையும். ஸ்டாக்கிங்ஸைக் கழற்றி எறியலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால் இன்னொரு கருத்து கேளுங்கள். சிலருக்கு அழுத்தத்தைக் குறைக்க முடிகிறது. அதை முன்கூட்டியே எவரும் சத்தியம் செய்ய முடியாது. பலிக்காவிட்டாலும் பெரிய சேதம் இல்லை என்பதே இதன் பெரிய பலம்.

## நிணநீர்க் கணுவை இடம் மாற்றுவது

கழுத்து, தாடையடி, அக்குள் பக்கம், அல்லது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை இவற்றிலிருந்து கணுக்களை அவற்றின் ரத்தக் குழாயோடு எடுத்து, கணுக்காலிலோ தொடையிடுக்கிலோ வைத்துத் தைப்பது. பெரிய ஆபரேஷன், முழு மயக்கம், ஒரு வாரம் போல ஆஸ்பத்திரி. பலன் தெரிய ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம்கூட ஆகலாம். கணுக்களை எடுத்ததாலோ ரேடியேஷனாலோ வந்த வீக்கத்தில், இணைக்க நல்ல குழாய் மிச்சமில்லாதபோது இதை யோசிப்பார்கள்.

கணுவை எடுத்த இடத்திலேயே புதிதாக வீக்கம் வரும் அபாயம் உண்டு. யானைக்கால் உள்ளவரிடம் நல்ல காலின் தொடையிடுக்கிலிருந்து கணு எடுப்பதாக யாராவது சொன்னால் கட்டாயம் நிறுத்திக் கேளுங்கள். வெளியே வீங்காத காலிலும் புழு உள்ளே குழாயைக் கெடுத்திருக்கக்கூடும், ஸ்கேனில் பார்த்தால்தான் தெரியும். நம் பகுதி யானைக்காலுக்கு இதை நான் முன்னால் வைக்கமாட்டேன்.

## லைப்போசக்ஷன்

அழகு நிலைய விளம்பரங்களில் வரும் தொப்பை லைப்போசக்ஷனும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஸ்வீடனின் மால்மோ நகரில் பிரோர்சன் என்ற சர்ஜன் வளர்த்தெடுத்த முறை இது. குழாயால் கொழுப்பை உறிஞ்சி, ஆபரேஷன் மேஜையிலேயே அழுத்த உறையை மாட்டிவிடுவார்கள். நீரை முதலில் கட்டுப்போட்டு வடித்திருக்க வேண்டும், குழி விழக்கூடாது. அதுதான் நுழைவு நிபந்தனை. நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களுக்கு இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடுகிறது. கிருமி ஜுரம் வருவதும் குறைகிறது.

விலை எங்கே? பழுதான குழாய் அப்படியே இருக்கிறது. ஆகவே அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையை இரவும் பகலும், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். மற்ற வழிகளில் ஸ்டாக்கிங்ஸ் ஒரு துணை, இங்கே அதுதான் சிகிச்சையின் மறுபாதி. சில நாள் கழற்றி வைத்தாலே வீக்கம் எட்டிப்பார்க்கும். கால் சுருங்கச் சுருங்க முதல் வருடத்தில் பல முறை அளவு மாற்றித் தைக்க வேண்டும்.

நார்த்திசு இறுகிக் கல்லாகி, தோலில் மருக்களும் மடிப்புகளும் விழுந்த காலுக்கு இது ஏற்றதல்ல. உறிஞ்சியபின் தொங்கும் தோலை என்ன செய்வது?

## வெட்டி எடுப்பது: பழைய வழி, இன்னும் தேவைப்படும் வழி

பண்ருட்டி அம்மாவுக்குச் சொல்லப்பட்டது இது. இதைப் "பழைய முறை" என்று ஒதுக்குகிறவர்கள் நம் ஊர்ப் பழைய கால்களைப் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் வளர்ந்து கெட்டித்த சதைக்கு நுண்குழாய் இணைப்பால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

முதல் வகை கட்டம் கட்டமாக வெட்டுவது. காலின் உட்பக்கத் தோலைத் திறந்து, மடலாகத் தூக்கி, அடியில் இருக்கும் கெட்டித் திசுவை எடுத்துவிட்டு, மிஞ்சிய தோலை நறுக்கி, அதே தோலால் மூடித் தைப்பார்கள். சில மாதம் கழித்து வெளிப்பக்கம். சொந்தத் தோலே மேலே இருப்பதால் உணர்ச்சியும் தோற்றமும் ஓரளவு நிற்கும். தோல் ஓரம் கருகுவது, காயம் ஆறத் தாமதமாவது உண்டு. தோல் இன்னும் நன்றாக இருந்து, உள்ளே மட்டும் கெட்டித்த காலுக்கு இதுதான் சரி.

இரண்டாவது சார்லஸ் ஆபரேஷன். தோலோடு சேர்த்து தசையுறை வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எடுத்த தோலிலிருந்தோ தொடையிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி ஒட்டுவது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் 1912-ல் எழுதியது முக்கியமாக விதைப்பை யானைக்கால் பற்றி. அவர் பெயர் பின்னால் கால் ஆபரேஷனுக்கும் ஒட்டிக்கொண்டது. ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். வாரக்கணக்கில் படுக்கை. ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாததால் அது எப்போதும் வறண்டு, வெடித்து, செதில் தட்டும். புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. ஒட்டு முடியும் இடத்தில் பாதம் முன்பை விடப் பெருத்துத் தெரியலாம். கால் ஒல்லியாகும், பார்க்க அழகாக இருக்காது.

அப்படியானால் யாருக்கு? தோலே கெட்டுப்போய், மருவும் மடிப்பும் கசிவும் நாற்றமுமாக, நடக்கவும் செருப்புப் போடவும் முடியாதவருக்கு. அவருக்கு இது வாழ்க்கையைத் திருப்பித் தரக்கூடிய ஆபரேஷன். அப்படிப்பட்டவருக்கும் நேராகக் கத்தி வைப்பதில்லை. இரண்டு வாரமாவது காலை உயர்த்திக் கிடத்தி, கட்டுப் போட்டு, புண்ணை ஆற்றி, ஜுரத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்வார்கள். "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள், மறுநாள் ஆபரேஷன்" என்று சொல்லும் இடம் எனக்குச் சரிப்படாது.

ஆபரேஷனுக்குப் பின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத ஒன்று: கட்டும் ஸ்டாக்கிங்ஸும் இங்கேயும் உண்டு. தினமும் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும், வாழ்நாள் முழுக்க.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | எந்தக் காலுக்கு | ஆஸ்பத்திரி | அழுத்த உறை | பின்வாங்க முடியுமா |
|---|---|---|---|---|
| கட்டு, ஸ்டாக்கிங்ஸ் | எல்லாக் காலுக்கும், குழி விழுவதற்கு முதலிடம் | தேவையில்லை | வாழ்நாள், பகலில் | முடியும் |
| குழாய்–சிரை இணைப்பு | குழி விழும், குழாய் உயிரோடுள்ள கால் | ஓரிரு நாள் | பெரும்பாலும் தொடரும் | பெரிய நஷ்டமில்லை |
| கணு இடமாற்றம் | கணு எடுத்த, ரேடியேஷன் வாங்கிய கால் | ஒரு வாரம் போல | தொடரும் | எடுத்த இடத்துக்கு அபாயம் |
| லைப்போசக்ஷன் | குழி விழாத, தோல் நன்றாக உள்ள கொழுப்புக் கால் | சில நாள் | இரவும் பகலும், விடவே முடியாது | முடியாது |
| கட்டம் கட்டமாக வெட்டுதல் | உள்ளே கெட்டித்து, தோல் நன்றாக உள்ள கால் | இரண்டு தடவை தங்கல் | தொடரும் | முடியாது |
| சார்லஸ் | தோலே கெட்ட கால் | வாரக்கணக்கில் | தொடரும், தோல் பராமரிப்பும் சேர்த்து | முடியவே முடியாது |

சிலருக்கு இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்வதும் உண்டு. முதலில் இணைப்பு, நீர் வடிந்தபின் மிஞ்சிய கொழுப்புக்கு லைப்போசக்ஷன் என்பது போல.

## மூவருக்கும் என் பதில்

புதுச்சேரி வாசகிக்கு முதலில்: நீங்கள்தான் அவசரப்பட வேண்டியவர், ஆனால் ஆபரேஷனுக்கு அல்ல, பரிசோதனைக்கு. காலையில் பாதி வடிகிறது என்றால் இன்னும் நீர்க் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். நோய் திரும்பவில்லை என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, ஸ்கேன் எடுத்து, கட்டையும் ஸ்டாக்கிங்ஸையும் இன்றே தொடங்குங்கள். படத்தில் குழாய்கள் நன்றாக இருந்தால் இணைப்பு ஆபரேஷன் உங்களுக்கு நல்ல தேர்வு. வருடக்கணக்கில் பொறுத்துப் பார்த்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

பரங்கிப்பேட்டைக்காரருக்கு: வழி சரி, கணக்குதான் தப்பு. ஒரே லீவில் முடியாது. முன்னால் கட்டுப்போட்டு மிச்ச நீரை வடிக்க நேரம் வேண்டும், பின்னால் அளவு மாற்றிய உறைகள் வேண்டும். வளைகுடா வெயிலில், தொழிலாளர் குடியிருப்பில், இரவும் பகலும் உறை போட முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாதென்றால் இப்போது செய்யாதீர்கள். ஊருக்கு நிரந்தரமாக வந்தபின் செய்தாலும் லைப்போசக்ஷன் அதே பலனைத் தரும். அதுவரை ஸ்டாக்கிங்ஸையும் கழுவுதலையும் மட்டும் விடாதீர்கள்.

பண்ருட்டிக்காரரே, அம்மாவுக்கு வெட்டி எடுப்பது தப்பான யோசனை இல்லை. ஆனால் சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அம்மாவின் சொந்தத் தோலால் மூட முடியாதா, ஏன்? ஆபரேஷனுக்கு முன் எத்தனை வாரம் கட்டுப் போடப்போகிறீர்கள்? வருடத்துக்கு எத்தனை முறை அம்மாவுக்கு ஜுரம் வருகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அடிக்கடி வருகிறதென்றால், அதை நிறுத்திக் குறைந்தது சில மாதமாவது ஓடட்டும்.

## எங்கே, எப்போது, எந்தப் பணத்தில்

கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோரிமேட்டு ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும், நிணநீர் ஸ்கேனுக்கு வேண்டிய நியூக்ளியர் மெடிசின் பிரிவும் இருக்கின்றன. தனியாரில் போய்க் கையைச் சுட்டுக்கொள்ளும் முன் அங்கே ஒரு கருத்துக் கேட்பது நல்லது. வெட்டி எடுக்கும் ஆபரேஷனை அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கும் மருத்துவக் கல்லூரிகளில் செய்ய முடியும். மிக நுண்ணிய குழாய் இணைப்புக்குச் சிறப்பு மைக்ரோஸ்கோப்பும் ஐ.சி.ஜி. கேமராவும் பழகிய கையும் வேண்டும் என்பதால் சென்னை போன்ற பெருநகரங்களைத்தான் பார்க்க வேண்டிவரும். எங்கே போனாலும், இந்த ஆபரேஷனைக் காலுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஒரு வருடம் கழித்து அளந்த கணக்கு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்கள்), உங்கள் ஆபரேஷன் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே அங்கிருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். அட்டை தமிழ்நாட்டுடையது, புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி. எல்லை தாண்டியபின் கேட்டுப் பிரயோசனமில்லை. ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்தாலும் பின்னால் வாங்கும் ஸ்டாக்கிங்ஸும் பேண்டேஜும் பெரும்பாலும் உங்கள் கைக்காசு. பட்ஜெட் போடும்போது அந்த வருடக் கணக்கை முதல் வரியில் எழுதுங்கள். துணைக்கு இருப்பவரின் கூலி நஷ்டத்தை இரண்டாவது வரியில்.

அப்புறம் தேதி. ஐப்பசி, கார்த்திகையில் தோல் ஒட்டும் ஆபரேஷன் வேண்டாம். 2015 வெள்ளத்தில் கடலூர்த் தெருக்கள் எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறாத ஒட்டோடு முழங்கால் தண்ணீரில் டிரெஸ்ஸிங்குக்குப் போக முடியாது. லைப்போசக்ஷனைச் சித்திரை, வைகாசியில் வைத்தால் முதல் உறையே வெயிலில் எதிரியாகிவிடும். தை பிறந்ததும் தேதி கேளுங்கள். அதற்கு முந்தைய மாதங்களைக் கட்டுக்கும் சேற்றுப்புண்ணை ஆற்றுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.